டி.சி. எழுதும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்கு மே, ஜூன் என்றால் டி.சி. மாதங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை ஒரகடத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போனால் குடும்பமும் கூடவே போகும். "பள்ளிக்கூடம் மாத்துனா புள்ளைக்கு மார்க் குறைஞ்சிடுமா சார்?" என்பார்கள். குறையலாம், பிறகு தேறிவிடலாம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அதை அவர்கள் கேட்பதில்லை. தலைமையாசிரியர்களான நம்மில் பலரும் எடுத்துச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் கல்லூரி விண்ணப்பத்தோடு போகும். வகுப்பில் எத்தனையாவது இடம் என்றுகூடச் சில கல்லூரிகள் பார்க்கும். அங்கே பள்ளி மாறினால் அந்தக் கணக்கு கலைந்துபோகும். இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு பிளஸ் 2 கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட்-ஆஃப், அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, கட்-ஆஃப் சமமாகி மற்ற ஒப்பீடுகளும் சமமான பிறகே வேலை. மாநில ரேங்க் அறிவிப்பை 2017இலேயே நிறுத்திவிட்டார்கள். (வாசலில் பிளக்ஸ் வைப்பதை நாம்தான் இன்னும் நிறுத்தவில்லை.)

இங்கே எடை, எந்தப் பள்ளியில் தொடர்ந்து படித்தாய் என்பதற்கு. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்தது. பொறியியலில் இப்படிச் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைத் தனியார் பள்ளி "ஃபீஸே வேண்டாம்" என்று அழைக்கும்போது பெற்றோருக்கு இந்தக் கணக்கு தெரியாது. இரண்டு வருட ஃபீஸ் மிச்சம். நான்கு வருடப் பொறியியல் செலவு தலையில். கட்-ஆஃபில் பொதுப் போட்டியிலேயே சீட் பிடிக்கும் பிள்ளை என்றால் போகட்டும். வேண்டிய குரூப் நம்மிடம் இல்லையென்றாலும் போகத்தான் வேண்டும். தெரிந்து போகட்டும் என்பதே நம் வாதம்.

அரசு உதவி பெறும் பள்ளி விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பெற்றோர் கண்ணுக்கு அதுவும் அரசுப் பள்ளிதான். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்த பெண்ணுக்கும் இப்போது உண்டு. 7.5 விழுக்காடு அங்கே கிடையாது. ஒன்று கிடைப்பதால் மற்றதும் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கோ உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரகடத்துக்கு, அங்கிருந்து ஓசூருக்கு என்று எத்தனை ஊர் மாறினாலும், அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கே போனால் தொடர்ச்சி அறாது. டி.சி.யோடு இந்த ஒரு வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினால் போதும்.

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா, ஆந்திரம். ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துப் பிள்ளையை அந்தப் பக்கம் ஓரிரு வருடம் படிக்க வைத்துவிட்டுத் திரும்புவோர் உண்டு. பொறியியல் கலந்தாய்வு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தாயா என்று கேட்கும். இல்லையென்றால் இருப்பிடச் சான்று வேண்டும். அது தாசில்தார் அலுவலகத்தில் கிடைத்துவிடும். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் அறுந்த தொடர்ச்சிக்கு எந்த அலுவலகத்திலும் சான்று இல்லை.

எதிர்த்திசையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்த பிள்ளை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் 7.5 விழுக்காட்டுக்குத் தகுதி உண்டு. எட்டோடு இலவசம் முடிகிறது. ஒன்பதை மட்டும் கடன் வாங்கி அங்கேயே ஓட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புக்கு நம்மிடம் வந்தால் அந்தத் தகுதி போய்விடும். ஆகவே இந்தப் பெற்றோரை ஜூன் வரை எதிர்பார்த்திராமல், ஏப்ரலிலேயே நாம் தேடிப் போக வேண்டும்.