அடுத்தவன் தாத்தாவுக்கு என்ன விலை?

பழைய போட்டோ ஒன்று கையில் கிடைத்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, “இது எவ்வளவுக்குப் போகும்?” “இதுல இருக்கறது யாரு?” என்பது அதற்குப் பிறகு வருகிறது. பல நேரம் வருவதே இல்லை. பரணைச் சுத்தம் செய்யும்போது தகரப்பெட்டியில் ஒரு கட்டுப் படங்கள் கிடைத்ததாகச் சொல்லி, நாலைந்தை வாட்ஸப்பில் அனுப்பி, நண்பர்கள் என்னிடம் விலை கேட்கிறார்கள். கம்ப்யூட்டர்காரனுக்கு எல்லாவற்றின் விலையும் தெரியும் என்று ஒரு நினைப்பு. பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு என்றால், “பின்னாடி ஒண்ணும் இல்லடா, ஏதோ கிறுக்கியிருக்கு” என்று பதில் வரும். அந்தக் கிறுக்கலுக்காகத்தான் இந்தச் சண்டை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் படத்தை விற்பது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. என் எதிர்ப்பு பெயரை அழித்துவிட்டு விற்பதற்கும், பெயர் இல்லாததாலேயே வாங்குவதற்கும்.

தொழில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். விலை சொல்பவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தாளைப் பார்க்கிறார். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சகத்தில் அடித்த படம், பேச்சு அங்கேயே முடிந்தது. மெல்லிய தாளை அட்டையில் ஒட்டி, லேசாக மஞ்சள் பாரித்திருந்தால் அது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் படமாக இருக்கலாம், 19ஆம் நூற்றாண்டு. சாய்த்துப் பார்க்கும்போது கருப்புப் பகுதிகளின் ஓரம் வெள்ளிபோல மின்னினால் ஜெலட்டின் சில்வர். பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு. அட்டை ஏறத்தாழ இரண்டரைக்கு நாலு அங்குலம் என்றால் ‘கார்ட் த விசித்’, 1854இல் பாரிஸ்காரர் டிஸ்டெரி காப்புரிமை வாங்கிய வடிவம். அடியில் மதராஸின் நிக்கோலஸ் கம்பெனி, வீல் அண்ட் கிளைன் என்று ஸ்டுடியோ பெயர் இருந்தால் விலை ஏறும். கோயிலோ தெருவோ அடையாளம் தெரிந்தால் இன்னும் ஏறும். 1857-58இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். சரி, உங்கள் கொள்ளுத்தாத்தா இரவல் கோட்டு போட்டு, பக்கத்தில் பூச்சாடி வைத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு? அதைக் கட்டாகத்தான் கேட்பார்கள்.

ஆக, சந்தைக்குப் பெயர் வேண்டாம் என்றில்லை. பிரபலத்தின் பெயர் வேண்டும். 2010இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்துப் பழைய சாமான் கடையில் 2 டாலருக்கு வாங்கிய தகரப் படங்களில் ஒன்று, கொள்ளைக்காரன் பில்லி த கிட் நண்பர்களோடு விளையாடும் காட்சி என்று 2015இல் சொல்லப்பட்டது. மதிப்பீடு 50 லட்சம் டாலர். அதற்கு முன், 2011இல், அவனுடைய வேறொரு தகரப் படம் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருந்தது. படம் அதேதான், தகரம் அதேதான். ஒரு பெயர் ஏறியதும் விலை எங்கேயோ போய்விட்டது. இதே ஆசையில் இன்னொரு கூத்தும் நடந்தது. வீட்டு வாசல் விற்பனையில் 45 டாலருக்கு வாங்கிய கண்ணாடி நெகட்டிவ்கள் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்தவை, 20 கோடி டாலர் பெறும் என்று 2010இல் அறிவித்தார்கள். ஆடம்ஸின் அறக்கட்டளை வழக்குப் போட்டது. 2011இல் சமரசம்: படத்தை விற்றுக்கொள், ஆனால் ஆடம்ஸ் பெயரைச் சொல்லி விற்காதே. மிஞ்சியது அழகான மலைப் படங்கள். அவற்றை எடுத்தவன் யாரோ ஒருவன், அவனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைத் தேட 20 கோடி உற்சாகத்தில் எத்தனை பேருக்கு மனம் இருந்தது?

இனி நம்ம ஊருக்கு வருவோம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். எனாமல் பாத்திரம், மரத்தூண், ரவிவர்மா அச்சுப் படங்களுக்கு நடுவில், சட்டம் போட்ட குடும்பப் படங்கள் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். நாற்காலியில் பெரியவர், பக்கத்தில் நிற்கும் ஆச்சி, தரையில் சம்மணமிட்ட பிள்ளைகள். ஒரு கடையில் தேக்குச் சட்டத்திலிருந்து படத்தை உருவிவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சட்டத்துக்குத்தான் விலையாம். உருவிய படம் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பெயர் இருந்த இடத்தில் ஈரத்துணியால் தேய்த்திருந்தது. ஏன் என்று கேட்டேன். கடைக்காரர் மறைக்கவில்லை. “பேரு இருந்தா யாரு தம்பி வாங்குவா? அடுத்தவன் தாத்தாவ யாரு வீட்டுல மாட்டுவா?”

இதைவிட நேர்மையான பதிலை எந்தக் கலை விமர்சகரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் இருந்தால் அது அடுத்தவன் தாத்தா. பெயரைத் துடைத்துவிட்டால் அது ‘விண்டேஜ்’. காபி கடையில், விடுதி வரவேற்பறையில், கல்யாண மண்டபத்துச் செல்ஃபி மூலையில் மாட்டலாம். பாரம்பரியம் என்று அட்டையில் எழுதியும் வைக்கலாம். யாருடைய பாரம்பரியம் என்று கேட்டால், பில்லைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

கடைக்காரரைக் குற்றவாளியாக்கி நாம் தப்பிக்க முடியாது. அவர் வாங்குபவனுக்கு ஏற்பக் கடை நடத்துகிறார். வாங்குகிறவர்கள் நாம்தான். அந்தச் சுவரின் முன் நின்று படம் எடுத்துப் போடுகிறவர்களும், யாரென்றே தெரியாத பெண்ணின் படத்துக்கு ஆப்பில் நிறம் ஏற்றிப் பகிர்கிறவர்களும், இலக்கியம் படிக்கிற நாம்தான். அவர் உடுத்தியிருந்தது அரக்குப் புடவையா பச்சையா என்பது மென்பொருளுக்குத் தெரியாது, அது ஊகித்துப் பூசுகிறது. நான் பிழைக்கிற துறை என்பதால் சொல்கிறேன்: எந்தக் கோப்பிலும் தரவு ஒன்று, தரவைப் பற்றிய தரவு இன்னொன்று. இரண்டாவதை அழித்துவிட்டு முதலாவதை அழகுபடுத்துகிறவனை என் ஆபீசில் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். இங்கே அவனுக்குப் பல்லாயிரம் ஃபாலோயர்கள்.

பெயர் போனால் என்ன போகிறது என்று கேட்பவர்கள் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் படங்களைப் பார்க்கட்டும். மதராஸ் ராணுவத்தின் வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்தவை. எலும்பாகிப்போன மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, நிற்கவைத்து, கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுத்திருக்கிறார். இதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில், சுடப்படுவதற்காக நிறுத்தப்பட்டவர்களைத் தன் கேமரா தயாராகும்வரை காத்திருக்க வைத்தார் என்ற குற்றச்சாட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை போனது. பஞ்சப் படங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, ஏலத்துக்கும் வருகின்றன. விவரக் குறிப்பில் எடுத்தவர் பெயர், தாளின் வகை, அளவு எல்லாம் இருக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் ‘பஞ்சத்தில் பாதிக்கப்பட்டோர்’, அவ்வளவுதான். அதில் இருக்கும் குழந்தை பிழைத்ததா? பிழைத்திருந்தால் அதன் பேரன் பேத்திகள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியே இல்லை.

பெயர் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியாவில், ஹார்வர்ட் விஞ்ஞானி லூயி அகாசி தன் இனவாதக் கொள்கையை நிரூபிப்பதற்காக, அடிமைகளாக இருந்தவர்களை ஆடை களைந்து ஜோசப் சீலி என்ற படக்காரர் மூலம் டாகெரியோடைப் எடுக்கவைத்தார். 1976இல் அவை ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துப் பரணில் கிடைத்தன. கூடவே ஒட்டியிருந்த சீட்டில் பெயர்கள்: ரென்டி, அவர் மகள் டெலியா. அந்தச் சீட்டை எழுதியவர்கள் நல்ல நோக்கத்தில் எழுதவில்லை. ஆனாலும் தாமரா லேனியர் என்ற பெண்மணி, என் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட ரென்டி இவர்தான் என்று வந்து நிற்க அந்தச் சீட்டுதான் இடம் கொடுத்தது. 2019இல் வழக்குப் போட்டார். படத்தில் இருப்பவருக்குப் படத்தின் மேல் சொத்துரிமை கிடையாது என்று 2022இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மன உளைச்சலுக்கான வழக்கை மட்டும் நடத்த அனுமதித்தது. 2025இல் சமரசத்துக்கு வந்த ஹார்வர்ட், படங்களைக் கைவிட ஒப்புக்கொண்டது. அவை சார்ல்ஸ்டனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு என்று முடிவானது. நம்ம கடைக்காரர்போல யாராவது ஈரத்துணியை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறு மாதிரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்துத் தன்னைப் படம் எடுக்கச் சொன்னவர்தான் பதிப்புரிமையின் முதல் சொந்தக்காரர், ஸ்டுடியோக்காரர் இல்லை. மிகப் பழைய படங்களுக்கு அந்த உரிமையின் காலம் முடிந்திருக்கும் என்பது வேறு. காகிதத்தை விற்றுவிட்டால் உரிமையும் சேர்ந்து போய்விடாது என்பதையாவது விடுதிக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும். வெளிநாட்டுக்காரன் டாலரில் கேட்கிறான் என்று கூரியரில் அனுப்பத் துடிப்பவர்களுக்கும் ஒன்று: நூறு வருஷம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அதைத் தனியார் நாட்டை விட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை.

இந்த வியாபாரத்தில் எனக்கு மிகவும் கசப்பானது சாவுப் படங்கள். நம் ஊரில் இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் உண்டு. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து வாழ்நாள் முழுக்கக் கேமரா முன் நிற்காத கிழவிக்கு அது ஒன்றுதான் படம். மேற்கில் சாவுப் படங்களைத் தேடிச் சேர்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் உயிரோடு நிற்பவரையே பிணம் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. காலுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி தெரிகிறதே, அதுதான் ஆதாரமாம். அந்தத் தாங்கி, நீண்ட எக்ஸ்போஷரின்போது உயிருள்ளவர் ஆடாமல் நிற்பதற்காக வைத்தது. பிணத்தை அதில் நிற்கவைக்க முடியாது. நாளைக்கு நம் கிழவியின் ஒரே படமும் அந்த வரிசையில் ‘தென்னிந்தியா, பெயர் தெரியவில்லை’ என்று நிற்கும்.

மறுபக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. “குடும்ப போட்டோவ போய் விப்பாங்களா?” என்று கண் கலங்குகிறவர்கள். பெரும்பாலும் சொந்த வீடு, ஏசி அறை, பூட்டுள்ள அலமாரி வைத்திருப்பவர்கள். மழைக்கு ஒழுகும் வாடகை வீட்டில், கரையான் அரித்த ஆல்பத்தோடு, பள்ளிக் கட்டணத்துக்குத் தேதி நெருங்கும்போது ஒருவர் நாலு படத்தை விற்றால் அதைக் கேட்க இவர்கள் யார்? அந்த நாலாயிரமோ நானூறோ அவருக்குத் தேவை. ஆவணக் காப்பகங்கள் காசு தருவதில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்மப்படுத்தியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் விதிப்படி மூலம் நாட்டை விட்டுப் போகாது, நகல்தான் போகும். நல்ல வேலை. ஆனால் அதைச் சொல்லி அரிசி வாங்க முடியாது.

அதனால் விற்கட்டும். ஆனால் ஆல்பத்தைப் பிரிக்காமல் விற்கட்டும். தனித்தனியாகப் போட்டால் கூடுதலாக வரும் என்று தரகர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் கல்யாணப் படத்துக்கு அடுத்த பக்கத்தில் குழந்தை, அதற்கடுத்து வெள்ளைப் புடவையில் அதே பெண் என்ற வரிசை பிரித்ததும் செத்துவிடும். விற்கும் முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், 600 டிபிஐ போதும். அட்டையின் ஓரத்தை வெட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். கையால் வண்ணம் தீட்டிய படத்தில் சாயம் கரைந்து ஓடிவிடும். வாங்குகிறவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த ஊர், எந்த வீட்டிலிருந்து வந்தது? பதில் இல்லாத படத்துக்கு விலையைக் குறைத்துக் கேளுங்கள். துடைத்தால் நஷ்டம் என்று தெரிந்தால் கடைக்காரர் துணியைக் கீழே வைத்துவிடுவார்.

பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறவர்கள், பெரியம்மாவோ சித்தப்பாவோ உயிரோடு இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, யார் யார் என்று கேட்டு எழுதிவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கத்து முகத்தில் தடம் விழும். மென்மையான பென்சில், ஓரமாக, சின்ன எழுத்தில்.