பக்கத்து அறை அக்கா எல்லாருக்கும் கிடைப்பாரா?

பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டரிலேயே 20 கிரெடிட் எடுத்தேன். சீக்கிரம் படிப்பை முடித்துவிடலாம் என்ற நினைப்பு. வார இறுதியில் பேரங்காடியில் பகுதி நேர வேலை வேறு.

எம்கியூஏ தகுதி முறைப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, சொந்தமாகப் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடங்கும். ஆக, 20 கிரெடிட்டுக்கு 800 மணி நேரம்! இந்தக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. சராசரிப் புள்ளி 2.00க்குக் கீழே இறங்கியது. கல்விக் கடன் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் மூச்சு விடவில்லை.

கைகொடுத்தவர் விடுதியில் பக்கத்து அறை அக்கா. அவரும் முதலாண்டில் சறுக்கியவர்தான். எந்தப் பாடத்தை மறுபடி எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கல்வி ஆலோசகரான விரிவுரையாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்.

அவர் வேறு மாடியில் தங்கியிருந்தால் என் கதி என்ன? குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிறவருக்கு இதையெல்லாம் வீட்டில் கேட்க முடியாது. அதனால்தான் ஒவ்வோர் உயர்கல்விக்கூடத்திலும் மாணவரே மாணவருக்கு வழிகாட்டும் திட்டம் முறையாக வேண்டும் என்கிறேன்.

விரிவுரையாளர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்தக் கதவைத் தட்டவே பலருக்குத் தயக்கம். தட்டத் துணிவு தருபவர் சீனியர்.

வழிகாட்டிகளாக 4.00 எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. விழுந்து எழுந்தவர்களும் வேண்டும். பாட விதிமுறைகளிலும் பொறுமையாகக் கேட்பதிலும் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது. மன உளைச்சல் என்றால், தாங்களே தீர்க்கப் பார்க்காமல் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் பார்க்காமல் உடனே சொல்லிவிட வேண்டும். முக்கியமாக, பாடத்தைக் கைவிடும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு புது மாணவரையும் ஒரு முறையாவது சந்திக்க வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் கிடைக்கும் ஆலோசனை காலம் கடந்தது. வழிகாட்டிகளுக்குப் புறப்பாடப் புள்ளியோ சிறு உதவித்தொகையோ கொடுத்தால் ஆர்வம் பாதியில் வற்றாது.

நிர்வாகம் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்திய மாணவர் சங்கங்கள் முதல் இரண்டு வாரம் விடுதியில் ஒரு மேசை போட்டாலே போதும். அடுத்த செமஸ்டரில் நான் உட்காரப் போகிறேன். தம்பி தங்கைகளே, கேட்க வெட்கப்படாதீர்கள்!