ஈட்டும் வழியில் இல்லாத அறம் ஈயும் கையில் இராது!

வணிகப் பெருநிறுவனங்கள் இன்று அறம் பேசுகின்றன. பள்ளிக்குச் சுவரெழுப்பி, அச்சுவரிலேயே தம் பெயரைப் பொறித்துக் கொள்கின்றன. மரக்கன்று நட்டு, அதனருகில் நின்று படமெடுத்துக் கொள்கின்றன. ஆண்டு முடிவில் தம் ஈகையைத் தாமே பாடி வழவழப்பான தாளில் வெளியிடுகின்றன. இவற்றைக் கண்டு மயங்குவோர் தமிழரிடையேயும் பலர். கொடுக்கும் கையை நோக்கும் அவர்கள், அக்கை எவரிடமிருந்து எடுத்தது என்பதை நோக்குவதில்லை. இம்மயக்கம் தெளிதல் வேண்டும்.

2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்து 135ஆம் பிரிவு, 2014 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி உருபா நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர ஊதியமோ (இலாபமோ) உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டு ஊதியச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கையேனும் குமுகாய நலத்திற்குச் செலவிடல் வேண்டுமென்பது அதன் கட்டளை. கொடுப்பது தீதென்பார் ஒருவருமிலர். ஆனால், நிறுவனம் தன் அன்றாடத் தொழிற்போக்கில் செய்வன இக்கணக்கில் சேரா என்று சட்டத்தை ஒட்டிய விதிகள் கூறுகின்றன. ஏமாற்றைத் தடுக்க வகுத்த விதியே அது. எனினும் அதனால் வேரூன்றிய எண்ணம் யாது? தொழில் வேறு, அறம் வேறு. இரண்டு பங்கை எறிந்துவிட்டால் எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பங்கு வந்த வழியை எவரும் வினவார் என்பதே! அதை வினவத் தொழிலாளர் சட்டமும் சூழற் சட்டமும் உள்ளனவே என்பார் உளர். உள்ளன, அவை எத்துணைக் காலம் உறங்கும் என்பதற்குக் கொடைக்கானலே சான்று.

அமெரிக்க நாட்டு வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த வெப்பமானித் தொழிலகம் 1983ஆம் ஆண்டளவில் அம்மலையில் நிறுவப்பட்டது. 1987இல் அது இந்துசுத்தான் லீவர் (இன்றைய இந்துசுத்தான் யூனிலீவர்) கைக்கு வந்தது. ஆங்குச் செய்த வெப்பமானிகள் கடல் கடந்தன. இதள் (பாதரசம்) என்னும் நஞ்சு மலையிலேயே தங்கியது. 2001 மார்ச்சில், இதள் படிந்த ஏழு கல்லெடை (டன்) கண்ணாடிக் கழிவுக்கு மேல் ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழம்பொருட் கடையில் கிடந்ததை மக்கள் வெளிப்படுத்திய பின்னரே தொழிலகம் மூடப்பட்டது. தம் உடல் நலிந்ததென்று முறையிட்ட தொழிலாளர்கள் பதினைந்தாண்டுகள் போராடினர். தொழிலகத்தால் அவர்க்கு நோய் வரவில்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. இதே காலத்தில்தான், 2010இல், அதன் தாய் நிறுவனம் உலகைக் காக்கும் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்துப் புகழ் பெற்றது! 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. அப்பொழுதும் கொடுத்த தொகைக்கு இழப்பீடு என்று பெயரில்லை. மாந்தநேயத்தால் தரும் உதவி என்றே பெயர். உரிமையாகக் கேட்டதை ஈகையாகத் தந்த விந்தையைக் காண்க! ஈகை என்னும் சொல் பழியை மறைக்கும் போர்வையாவது இவ்வாறே.

அங்ஙனமாயின் வணிகத்தால் நன்மையே விளையாதோ எனின், விளையும். மதுரையே அதற்குச் சான்று. மூட்டுநோயால் விரல்கள் முடங்கிய கண்மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பின், 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுள்ளோர் தரும் கட்டணத்திலேயே இல்லாதோர்க்கும் கண்புரை அறுவை நடைபெறுமாறு அதன் கணக்கு அமைந்தது. சிற்றூர்ப் பெண்களே பயிற்சி பெற்று மருத்துவர்க்குத் துணையாயினர்; ஆகவே ஒரு மருத்துவர் ஒருநாளில் செய்யும் அறுவைகள் பன்மடங்காயின. கண்ணுள் வைக்கும் வில்லை அயல்நாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்தமையால், ஏழைகள் அறுவைக்குப் பின் தடித்த கண்ணாடியே அணிந்தனர். அவ்வில்லையை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்ய 1992இல் ஆரோலேப் தோன்றியது. இன்று அது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றது. இங்கு அறம் ஊதியத்தின் கடைசியில் ஒட்டிய வால் அன்று. தொழிலின் உயிரே அது.

ஆனால், பெயர்ப்பலகையை மட்டும் நம்புவதும் பேதைமை. ஏழைப் பெண்களை உயர்த்தும் தொண்டமைப்பாகப் பிறந்து, பின் கடன் நிறுவனமாக மாறிய எசு.கே.எசு., 2010இல் பங்குச் சந்தையில் புகுந்தது. அவ்வாண்டு அக்தோபரிலேயே, சிறுகடன் நிறுவனங்களின் கடுந்தண்டலும் கடனாளிகளின் தற்கொலைகளும் பற்றி எழுந்த கூக்குரலால், ஆந்திர அரசு அத்தொழிலை அடக்க அவசரச் சட்டம் பிறப்பித்தது. ஏழையின் பெயரால் தொடங்கிய தொழிலும், முதலிட்டோர் ஈட்டமே முதன்மையானவுடன், ஏழையின் கழுத்தையே நெரிக்கக் கூடும் என்பதே இதன் பாடம்.

எனவே எந்நிறுவனம் அறம் பேசினும், அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

ஒன்று: ஈட்டம் வந்த வழியில் எவர் உடலும், எந்நிலமும், எந்நீரும் கெட்டன?

இரண்டு: மிஞ்சிய பொருள் தொழிலின் நோக்கத்திற்கே திரும்புகின்றதா, முதலிட்டோர் பையில் அடங்குகின்றதா?

மூன்று: கேடு நேர்ந்தால் உரிமையெனக் கொடுக்குமா, ஈகையெனக் கொடுக்குமா?

இவை புதுக்கேள்விகள் அல்ல. திருக்குறளின் பொருள் செயல்வகை அதிகாரம், தீதின்றி வந்த பொருளுக்கே அறம் பயக்கும் ஆற்றலைத் தந்துள்ளது. வந்த வழியை முதலில் வைத்து, கொடுத்த அளவைப் பின்னர் எண்ணும் இனம், இன்று இரண்டு பங்குக்குக் கைதட்டி நிற்பது இழிவன்றோ?

தமிழர்களே! சுவரில் பொறித்த பெயரைப் படிக்குமுன், அச்சுவர் எழுந்த பொருளின் வரலாற்றைப் படியுங்கள். கொடைக்கு நன்றி கூறுமுன் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டும் வணிகமே குமுகாயத்திற்கு உறவு. காட்ட மறுக்கும் வணிகம் எத்துணை ஈந்தாலும் பகையே!