கள்ளுக்கடையை ஏன் மறைக்கிறோம்?

தோட்டப்புற வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் ஒரு கட்டடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம். கோயில் வருகிறது; தமிழ்ப்பள்ளி வருகிறது; லயன் வீடுகள் வருகின்றன. கள்ளுக்கடை வருவதில்லை. அது நம் இனத்திற்கு இழுக்காம். இழுக்கு யாருக்கு என்பதே என் கேள்வி.

அந்தக் கடைக்கு உரிமம் வழங்கி வரி வாங்கியது ஆங்கிலேய அரசு. தன் எல்லைக்குள் அதை நடத்த இடம் தந்தது தோட்ட நிர்வாகம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையாகவும், கங்காணியோ கிராணியோ ஆசிரியராகவும் முடிந்தது. சம்பள நாளில் கள்ளுக்கு மட்டும் குறைவிருக்கவில்லை.

அதை எதிர்த்தவர்கள் யார்? தோட்டத் தொழிலாளர்களே! கெடாவின் ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. 1947இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. காவல்துறை அடக்குமுறையில் இறங்கியது. அவ்வாண்டு கெடாவில் தொழிலாளர் உயிர்களும் பலியாயின. இது இழுக்கா, பெருமையா? ஆசிரியப் பெருமக்களே, நீங்களே சொல்லுங்கள்.

பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. கள்ளுக்கடை இருந்த இடம் இன்று கிடங்காகவோ கார் நிறுத்துமிடமாகவோ இருக்கலாம். கட்டடம் மறைந்ததால் கேடும் மறைந்தது என்று எண்ணுவது பேதைமை. கள் போன இடத்தில் மலிவான சம்சு வந்து உட்கார்ந்தது. அதற்குத் தனிக் கடைகூடத் தேவைப்படவில்லை. மளிகைக் கடையே போதுமானதாயிற்று.

எனவே பெற்றோர்களே, உங்கள் ஊரில் அந்தக் கடை நின்ற இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாத்தா குடித்தார் என்பதை மறைக்க வேண்டாம். அவரைக் குடிக்க வைத்து ஆதாயம் பார்த்தவர்கள் யார் என்பதையும், அதை மூடச் சொல்லி அடிபட்டவர்கள் யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதி வரலாறு கேட்டு வளரும் பிள்ளை, வெட்கப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.