குதிக்கும் பின்சக்கரம்

பழைய அமெரிக்க மசில் காரில் எஞ்சினை மட்டும் பெரிதாக்கிவிட்டு ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் என்ன ஆகும்? வண்டி பாயாது. பின்சக்கரங்கள் புகை கக்கித் தடதடவென்று குதிக்கும். 1967 செவர்லே கமரோவுக்குப் புதிதிலேயே இந்த வியாதி உண்டு. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் ஒரே ஒரு பட்டைதான். கிளம்பும் வேகத்தில் அது முறுக்கிக்கொள்ளும், விடுபடும், மறுபடி முறுக்கும். 1968-ல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாட்டினார்கள். சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங் வந்தது.

அகல டயர் அப்புறம் வாங்கலாம் (பர்ஸும் பிழைக்கும்). சாலையில் விழும் கறுப்புத் தடத்தைப் பாருங்கள். ஒற்றைக் கோடா? லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் தேவை. விட்டு விட்டு விழுகிறதா? ஸ்பிரிங் முறுக்குகிறது, டிராக்‌ஷன் பார் போடுங்கள். அதுவரை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்ஸில் உடையும்.