துண்டுக்கடியில் விலை பேசும் மருந்து!

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய் வந்த தோழர்களுக்குத் தெரியும். குதிரை வாங்க வருகிறவன் "ஒரு குதிரை கொடு" என்று கேட்டுவிட்டுப் போவதில்லை. பல்லைப் பார்க்கிறான், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். ஒரு குதிரையைப் போல் இன்னொரு குதிரை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

குதிரைக்குத் தெரிந்த இந்த நியாயம் மனிதனுக்கு இல்லாமல் போயிற்று! பத்துப் பேருக்கு ஒரே நோய் என்றால் பத்துப் பேருக்கும் ஒரே மருந்து. சிலருக்குக் குணம், சிலருக்குக் கேடு. ஏன் என்று கேட்டால், "அவனவன் உடம்பு வாகு" என்றார்கள். அந்த உடம்பு வாகைத்தான் இன்றைய விஞ்ஞானம் மரபணுவிலே படித்துக் காட்டுகிறது. இன்னாருக்கு இன்ன மருந்து என்று அளந்து கொடுக்கும் இந்த முறைக்குத் துல்லிய மருத்துவம் என்று பெயர்.

இந்த மருத்துவத்தைத் தொழிலாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் வழியைக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லித்தர வேண்டும் என்கிறார்கள். "வைத்தியத்திலே வியாபாரமா?" என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டாம், தோழர்களே! ஆராய்ச்சிக்கூடத்திலேயே நின்றுவிட்ட மருந்து, குதிருக்குள் பூட்டிவைத்த நெல். யாருடைய பசிக்கும் அது உதவாது. கண்டுபிடித்தவன் கையிலிருந்து நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேர, தொழிற்கூடம் வேண்டும், சோதனை வேண்டும், அனுமதி வேண்டும், கணக்கு வேண்டும். இதையெல்லாம் கற்றுத்தான் ஆக வேண்டும்.

சான்று இருக்கிறது. இரத்தப் புற்று நோயாளியின் உடம்பிலிருந்தே நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, மரபணுவை மாற்றி, புற்றை அடையாளம் கண்டு அழிக்கும் படையாக்கி, அவன் உடம்புக்குள்ளேயே திருப்பி அனுப்பும் சிகிச்சை ஒன்று 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் 3 கோடி ரூபாய்! பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஆராய்ச்சியாளர்கள், டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து, அதே வகைச் சிகிச்சையை இங்கேயே உருவாக்கினார்கள். ஐ.ஐ.டி.யிலிருந்தே இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம் பிறந்தது. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. வெளிவந்தபோது சொல்லப்பட்ட விலை ஏறத்தாழ 40 லட்சம் ரூபாய். 3 கோடி எங்கே, 40 லட்சம் எங்கே! தொழில் கற்ற விஞ்ஞானி செய்த நன்மை இது. பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: பவானியில் ஜமுக்காளம் நெய்கிறவனுக்கு அந்த 40 லட்சம் எங்கே இருக்கிறது? நாள் கூலி 500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். உண்ணாமல், உடுக்காமல், 8,000 நாள் உழைக்க வேண்டும். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 26 ஆண்டுக்கு மேல்! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்குத் தருவது 5 லட்சம் வரை. மீதியை யார் தருவது? புற்று காத்திருக்குமா?

விலை என்பது விதியல்ல, தோழர்களே! மனிதன் வைப்பது, மனிதன் மாற்றக்கூடியது. சென்னையிலேயே அது மெய்ப்பிக்கப்பட்டது. க்ளிவெக் என்பது ஒருவகை இரத்தப் புற்றுக்கு அதன் மரபணுக் கோளாற்றையே குறிபார்த்துத் தாக்கும் மருந்து. துல்லிய மருத்துவத்தின் முன்னோடி. அதை விற்ற நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை மாதத்திற்கு ஒரு லட்சத்துக்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகள் விற்ற விலை பத்தாயிரம் ரூபாய்க்கு உள்ளே. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் மறுத்தது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய உரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவையே எதிர்த்துக் கம்பெனி வழக்காடியது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லையென்று தீர்ப்பளித்தது. புற்று நோயாளிகளின் சங்கமும் அந்த வழக்கில் நின்று போராடியது என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்றும் நம் வீட்டுக் கதைதான். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக மருந்து வாங்கு, பகிரங்க டெண்டரில் வாங்கு, தரத்தைச் சோதித்து வாங்கு என்ற முறை வந்தது. ஆயிரம் ஆஸ்பத்திரிகள் தனித்தனியே கேட்டால் வியாபாரி சொல்வது விலை. ஒன்றாகக் கேட்டால் நாம் சொல்வது விலை. தொழிற்சங்கம் கண்ட தோழனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

ஆகவே பாடம் வையுங்கள். ஆனால் முழுப் பாடமாக வையுங்கள். முதல் போடுகிறவனைக் கவரும் வித்தையோடு, முதல் இல்லாதவனுக்கு மருந்து சேர்க்கும் வழியும் பாடத்தில் இருக்கட்டும். காப்புரிமை எடுக்கும் முறையோடு, க்ளிவெக் தீர்ப்பும் இருக்கட்டும். பம்பாயில் மட்டுமல்ல, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் கோவைக் கல்லூரிகளிலும் அந்தப் பாடம் நடக்கட்டும். நெசவாளி மகனும் செங்கல் சூளைத் தொழிலாளி மகளும் அந்த வகுப்பில் உட்காரட்டும். நோயின் விலை தெரிந்தவர்கள் மருந்தின் விலையைக் கூசாமல் ஏற்றமாட்டார்கள்.

மக்கள் வரிப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைக் கம்பெனிக்குக் கொடுக்கும்போது, அரசு ஆஸ்பத்திரிக்கு என்ன விலை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அதை ஊரறிய வெளியிடுங்கள்.

சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரியும். சுற்றி நிற்கும் ஊருக்குத் தெரியாது. மாட்டு வியாபாரத்தில் அது நடக்கட்டும். மனித உயிருக்கு அது ஆகாது.

துண்டை எடுங்கள். விலை வெளியே தெரியட்டும்!