கம்பெனி சாமானா, கடைச் சாமானா?

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

ரமணாசிரமத்தை ஒட்டிச் செங்கம் சாலையோரம் நிற்கும் வாடகைக் கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று என் தந்தையுடையது. அந்த வண்டி ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். நானும் இக்கல்லூரிக்கு வர இயலும். ஆகவே, ஆண்டு மலரில் காரின் வாட்டர் பம்ப்பைப் பற்றி எழுத வந்தமைக்காக நண்பர்கள் நகைக்க வேண்டாம். தேவை, அளிப்பு, முற்றுரிமை என்று நாம் வகுப்பில் படிப்பவை எல்லாம் அந்தச் சிறு அட்டைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன.

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பம் முழுவதும் வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஒரு பங்கு புகையோடு போய்விடும். மற்றொரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் சென்று ரேடியேட்டரில் ஆற்றுகிறது. அந்த நீரை ஓயாமல் சுற்றவிடுவதே வாட்டர் பம்ப்பின் வேலை. சுழலும் தண்டு, அதைத் தாங்கும் பேரிங், நீர் கசியாமல் காக்கும் சீல், நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம் ஆகியவை ஓர் உலோகக் கூட்டுக்குள் இருக்கின்றன. இவ்வளவே அதன் உடல். ஆனால் இது நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். ஹெட் கேஸ்கெட் போகும். சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடவும் கூடும்.

பம்ப் கெட்டால் புதிதாக எதை வாங்குவது? ‘ஒரிஜினலா, லோக்கலா’ என்றுதான் நம் ஊரில் கேட்கிறார்கள். இக்கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. ஏனெனில் கடையில் இருப்பவை இரண்டு வகை அல்ல, நான்கு வகை. கார் கம்பெனியின் முத்திரை பதித்த பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்குப் பம்ப் செய்து கொடுப்பவரே தம் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. வேறொரு தொழிற்சாலை தன் பெயரும் முகவரியும் போட்டு விற்பது மூன்றாவது. பெயரே இல்லாததும், பிறர் பெயரைத் திருடிப் போட்டதும் நான்காவது. பின் மூன்றையும் ஒரே கூடையில் கொட்டி ‘லோக்கல்’ என்று சொல்லிவிடுகிறோம். நல்லவரும் திருடரும் ஒரே பெயரில் உலவ இதுவே வழி செய்கிறது.

இதை நாங்கள் நட்டப்பட்டே கற்றோம். 2016 மே மாதம். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்போது அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய டீசல் அம்பாசடர். பம்ப் கசியத் தொடங்கியது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் செய்தவர் பெயரும் முகவரியும் இருந்தன. மற்றதில் வெறும் வண்ணப்படம். விலையில் ரூ. 600 வித்தியாசம். “ரெண்டும் ஒண்ணுதாண்ணே. கம்பெனியே மூடிட்டான், இனிமே ஒரிஜினலுக்கு எங்க போறது?” என்றார் கடைக்காரர். என் பள்ளிச் செலவு எதிரே நின்றது. அப்பா மலிவானதை வாங்கினார். பில் கேட்கவில்லை.

நாற்பது நாள் கழிந்தது. ஆந்திராவிலிருந்து ஆண்டுதோறும் ஆசிரமத்துக்கு வரும் முதிய தம்பதியரைச் சென்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். இரவு இரண்டு மணி. செஞ்சிக்கு இப்பால் பேரிங் உடைந்தது. அந்த எஞ்சினில் காற்றாடி பம்ப்பின் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். ஆகவே பேரிங் உடைந்ததும் காற்றாடி முன்னே பாய்ந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. நிறுத்துவதற்குள் ஹெட் கேஸ்கெட்டும் போயிற்று. அந்தப் பெரியவர்கள் பெட்டிகளோடு இருட்டில் நின்றார்கள். அப்பா ஸ்டாண்டு நண்பர் ஒருவரைப் போனில் எழுப்பி வரவழைத்து அவர்களை அனுப்பி வைத்தார், வாடகை வாங்கவில்லை. வண்டி பதினொரு நாள் பட்டறையில் கிடந்தது. செலவான பணத்தைப் பின்னர் அப்பா ஈட்டிவிட்டார். ஆனால் மறு ஆண்டு அந்தத் தம்பதியர் அவரைக் கூப்பிடவில்லை. அதைத்தான் அவர் இன்றும் சொல்லி வருந்துகிறார்.

‘அதனால்தான் எப்போதும் ஒரிஜினலே வாங்க வேண்டும்’ என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. எங்களுக்கு ‘கடைச் சாமான்’ தவிர வேறு போக்கில்லை. எங்கள் மெக்கானிக் பாய் அன்று செய்ததை மறக்க மாட்டேன். பெயர் போட்ட பம்ப் ஒன்றை வரவழைத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இறக்கைகளின் உயரத்தை அளந்தார். கேஸ்கெட் உட்காரும் முகத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தார். தண்டைக் கையால் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டார். “தம்பி, பொட்டிய பாக்காத, சாமானப் பாரு” என்றார். அந்தப் பம்ப், வண்டியை விற்கும் வரை ஒரு சொட்டும் கசியவில்லை. அதுவும் கடைச் சாமான்தான்!

கார் கம்பெனிகள் எல்லா உறுப்புகளையும் தாமே செய்வதில்லை. பாடி, அம்பத்தூர், ஓசூர்ப் பக்கங்களில் உள்ள தொழிற்சாலைகள் செய்து கொடுப்பவை எத்தனையோ! சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990களிலேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. அங்கே அது ‘ஒரிஜினல்’. இங்கே நம் ஊர்த் தொழிற்சாலையின் பெயரைக் கண்டால் ‘லோக்கல்’ என்று உதடு பிதுக்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. உதிரிப் பாகங்களை வெளிக்கடைகளுக்கும் தனிப் பட்டறைகளுக்கும் கிடைக்கவிடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகள் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதும் ரத்து என்று சொல்லக்கூடாது என்றும் ஆணையிட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குச் சென்றன என்பது வேறு செய்தி. முற்றுரிமை விலையும் தர விலையும் ஒன்றல்ல என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம்.

நிற்க. அப்படியானால் மலிவானதையே தேடலாமா? கூடாது. இப்போது அப்பா ஓட்டும் காரில் பம்ப் வெளியே இல்லை. டைமிங் பெல்ட்டுக்குப் பின்னே மறைந்திருக்கிறது. அந்தப் பெல்ட்டே அதைச் சுழற்றுகிறது. பம்ப் இறுகிப் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். சென்ற டிசம்பரில், வெளியூர் அன்பர்கள் வந்து குவியும் வேளையில், அது கசியத் தொடங்கியது. கம்பெனிப் பெட்டி ரூ. 3,200, அதே கம்பெனிக்குச் செய்து கொடுப்பவரின் சொந்தப் பெட்டி ரூ. 2,100, ஊர் பேர் இல்லாதது ரூ. 900. கழற்றிப் பூட்டக் கூலியோ ரூ. 4,000! ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும். 900 ரூபாய்ப் பம்ப் ஓராண்டில் கெட்டால் கூலி மறுபடியும் 4,000 அன்றோ? அப்பா இரண்டாவதை வாங்கினார்; பெல்ட்டையும் கூடவே மாற்றினார்; இம்முறை பில் கேட்டு வாங்கினார்.

எந்தப் பம்ப்பை மாட்டினாலும் அதற்குள் ஊற்றும் நீர் நன்றாக இருக்க வேண்டும். வழியில் கிடைக்கும் உப்புப் போர்த் தண்ணீரை ஊற்றினால் வெந்நீர்ப் பானையில் படிவதுபோல உள்ளே காறை கட்டும், துருவும் ஏறும், சீல் தேயும். கூலண்ட்டில் துருத் தடுப்பு மருந்து சேர்ந்திருக்கிறது; அதை வீண் செலவென்று நினைக்கலாகாது. பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர் சொட்டினால், உள்ளே சீல் போய்விட்டது என்று வண்டியே நமக்குச் சொல்கிறது என்று பொருள். அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

ஆகவே ‘ஒரிஜினலா, லோக்கலா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் செய்தவர் யார்? கெட்டால் பொறுப்பேற்பவர் யார்? மறுபடியும் கழற்றிப் பூட்ட என்ன செலவாகும்? முதல் இரண்டுக்கும் விடையில்லாத பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. மூன்றாவதன் விடை பெரிதானால் பணத்தைப் பார்க்காமல் முதல் இரு வகைகளில் ஒன்றை வாங்க வேண்டும். பம்ப் எளிதில் கழற்றும்படி வெளியே இருந்தால், பெயரும் பில்லும் உள்ள மூன்றாவது வகையே போதும். பிறர் பெயரைப் பொய்யாகப் பதித்து விற்பவருக்கு வணிகக் குறிகள் சட்டம், 1999 ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால் பில் இல்லாமல் வாங்கியவர் எதைக் காட்டி முறையிடுவார்?

ஏழை மலிவானதை வாங்குவது அறியாமையால் அன்று. அன்றைய தேவை அவன் கழுத்தைப் பிடிப்பதால். அவனிடம் ‘ஒரிஜினலே வாங்கு’ என்று உபதேசிப்பது எளிது. நல்லதற்கும் போலிக்கும் வேறுபாடு காணக் கற்றுக்கொடுப்பதே பயனுள்ளது. படித்த நாம் அதைச் செய்யலாம் அல்லவா? இது என் கருத்து. மாற்றுக் கருத்து உடைய நண்பர்கள் அடுத்த மலரில் எழுதட்டும், மகிழ்ச்சியோடு படிப்பேன்.